‘சாட்டர்டே நைட் லைவ்’: ஐம்பது ஆண்டு மாற்றத்தைப் பார்த்து அறிய ஒரு வழிகாட்டி

1975 அக்டோபர் 11, சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு, நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் உள்ள 8எச் ஸ்டுடியோவிலிருந்து என்பிசி தொலைக்காட்சி ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ அதே கிழமையில், அதே நேரத்தில், அதே ஸ்டுடியோவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ‘முன்பு போல் இல்லை’ என்ற குறையும் ஏறக்குறைய அதே வயதுடையது. முதல் நட்சத்திரமான செவி சேஸ் இரண்டாம் சீசனில் விலகியதிலிருந்து, ஒவ்வொரு தலைமுறை நடிகர்கள் வெளியேறும்போதும் அந்தக் குறை புதிதாக எழுகிறது. நான் அதை முழுக்க மறுக்க மாட்டேன். சில சீசன்கள் உண்மையிலேயே மோசமானவை. ஆனால் பெரும்பாலானோர் அந்த முடிவுக்கு வரும் வழி சரியில்லை என்பதே என் கருத்து. நினைவில் தங்கிவிட்ட பழைய ஸ்கெட்ச்சுகளில் (குறு நகைச்சுவைக் காட்சிகளில்) தலைசிறந்த ஐந்தை எடுத்து, இந்த வாரத்துத் தொண்ணூறு நிமிடத்தோடு ஒப்பிட்டால் எந்தக் காலத்திலும் இந்த வாரம்தான் தோற்கும்.

இந்த நிகழ்ச்சிக்கு வேறு தொடர்களுக்கு அரிதாகவே வாய்க்கும் ஒரு வசதி உண்டு: உள்ளடக்கம் எவ்வளவு மாறினாலும் அதன் சட்டகம் மாறவில்லை. ஆகவே 1976இன் ஒரு பகுதியையும் 2016இன் அதே பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். எதை, எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்த்தால் மாற்றம் துலங்கும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முழு நிகழ்ச்சியைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்

யூடியூப் துண்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு நிகழ்ச்சியைத் தலையிலிருந்து வால்வரை பாருங்கள். முதலில் அறிவிப்பின்றித் தொடங்கும் ஒரு முன்காட்சி. அதன் முடிவில் யாராவது ஒருவர் கேமராவை நோக்கி, நியூயார்க்கிலிருந்து நேரலையாக சாட்டர்டே நைட் என்று முழங்குவார். பிறகு நடிகர்களின் பெயர்கள், அந்த வாரம் தொகுத்து வழங்கும் விருந்தினரின் தொடக்க உரை, ஸ்கெட்ச்சுகள், விளம்பரப் பகடி, இசைக் கலைஞரின் பாடல், நடுவில் ‘வீக்கெண்ட் அப்டேட்’ என்ற செய்திப் பகடி, மீண்டும் ஸ்கெட்ச், மீண்டும் பாடல். நள்ளிரவு தாண்டி ஒரு மணியை நெருங்கும்போது வரும் கடைசி ஸ்கெட்ச்சைத் தவறவிடக் கூடாது. பாதிப் பேர் தூங்கிவிட்ட அந்த நேரத்தில்தான், முன்வரிசையில் வைக்கத் துணியாத விசித்திரமான எழுத்துகளுக்கு இடம் கிடைக்கிறது. ஒரு காலகட்டத்து எழுத்தாளர்களின் உண்மையான ருசி என்ன என்பதை அந்தக் கடைசிப் பத்து நிமிடம் காட்டிவிடும்.

பழைய நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்ட்ரீமிங் தளத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகள் பல, இசை உரிமைச் சிக்கல் போன்ற காரணங்களால் வெட்டப்பட்டவை. முதல் ஐந்து சீசன்கள் டிவிடியாக வெளிவந்துள்ளன. கிடைத்தால் அவற்றைப் பார்ப்பதே நல்லது. முதல் நிகழ்ச்சியைப் பார்ப்பவர் திகைத்துப்போகக்கூடும். விருந்தினர் ஜார்ஜ் கார்லின் ஒரு ஸ்கெட்ச்சிலும் நடிக்கவில்லை. தனியாக நின்று பலமுறை பேசிவிட்டுப் போகிறார். இசைக்கு பில்லி பிரஸ்டன், ஜேனிஸ் இயன் என்று இருவர். ஜிம் ஹென்சனின் பொம்மைகள் ஒரு பக்கம், ஆல்பர்ட் ப்ரூக்ஸின் குறும்படம் இன்னொரு பக்கம். ஒரு வாரம் கழித்து பால் சைமன் வந்த இரண்டாவது நிகழ்ச்சியோ பெரும்பகுதி பாட்டுக் கச்சேரி. அன்றைக்கு நிகழ்ச்சியின் பெயர்கூட இதுவல்ல. ஏபிசி தொலைக்காட்சி அந்தப் பெயரை வேறொரு நிகழ்ச்சிக்கு வைத்திருந்ததால் 1977இல்தான் இன்றைய பெயர் கிடைத்தது. நாம் ‘பழைய வடிவம்’ என்று ஏங்கும் வடிவம் முதல் நாளிலேயே முழுதாகப் பிறந்துவிடவில்லை என்பதை நேரில் பார்த்து உணர, இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும்.

தயாரிப்பு முறையை அறிந்துகொள்வதும் பார்வையைத் திருத்தும். திங்கட்கிழமை விருந்தினரோடு யோசனைகள் பேசப்படுகின்றன. செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுகிறார்கள். புதனன்று ஏறத்தாழ நாற்பது ஸ்கெட்ச்சுகள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கப்படுகின்றன. தேர்வானவற்றுக்கு இரண்டு நாளில் அரங்கமைப்பும் உடையும் தயாராகின்றன. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பார்வையாளர் முன்னிலையில் முழு ஒத்திகை நடக்கிறது. அந்த ஒத்திகையில் சிரிப்பு எழாதவை வெட்டப்படுகின்றன, வரிசை மாறுகிறது, வசனங்கள் திருத்தப்பட்டுப் பெரிய அட்டைகளில் மீண்டும் எழுதப்படுகின்றன. நடிகர்கள் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி வேறெங்கோ பார்ப்பதுபோல் தெரிந்தால், அவர்கள் அந்த அட்டையைத்தான் படிக்கிறார்கள். நிகழ்ச்சி தயாராகிவிட்டது என்பதால் அல்ல, மணி 11.30 ஆகிவிட்டது என்பதால்தான் ஒளிபரப்பாகிறது என்று அதை உருவாக்கிய லோர்ன் மைக்கேல்ஸ் சொல்வதுண்டு. எனவே எந்த ஆண்டிலும் ஒரு நிகழ்ச்சியில் இரண்டு மூன்று ஸ்கெட்ச்சுகள் சோடை போவது இயல்பு. அதைச் சரிவின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அது இந்த முறையின் விலை.

சிறந்தவற்றை விட்டுவிட்டு, முறிவுகளைத் தேர்ந்தெடுங்கள்

ஐம்பது சீசன்களையும் பார்ப்பது யாருக்கும் ஆகாத காரியம். நடிகர் குழு உடைந்து மீண்டும் கூடிய இடங்களை மட்டும் பார்த்தால் போதும்; மாற்றம் அங்கேதான் திரண்டு நிற்கிறது.

1980 மிக முக்கியமான முறிவு. முதல் குழுவின் டான் அய்க்ராய்டும் ஜான் பெலூஷியும் ஓராண்டு முன்னரே போய்விட்டனர். 1980இல் மைக்கேல்ஸும் மிச்சமிருந்த நடிகர்களும் விலகினர். பொறுப்பேற்ற ஜீன் டூமேனியன் முற்றிலும் புதியவர்களை வைத்து நவம்பர் 15 அன்று தொடங்கி, பன்னிரண்டே நிகழ்ச்சிகளில் நீக்கப்பட்டார். அந்தச் சீசனைக் கேலி செய்வது எளிது. அதைவிடப் பயனுள்ளது, அது ஏன் தோற்றது என்று பார்ப்பது. புதியவர்கள் எல்லோரும் ஒரே இரவில் வந்தார்கள். பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்க அனுபவம் உள்ள ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அதே குழுவில்தான் பத்தொன்பது வயது எடி மர்பி இருந்தார். துணை நடிகராக ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த அவர், அடுத்துப் பொறுப்பேற்ற டிக் எபர்சால் காலத்தில் நிகழ்ச்சியையே தன் தோளில் சுமந்தார்.

மைக்கேல்ஸ் 1985இல் திரும்பி வந்து செய்த முதல் முயற்சியும் வெற்றிபெறவில்லை. ராபர்ட் டவுனி ஜூனியர், ஜோன் குசாக், ராண்டி குவைட் என்று திரைப்பட முகங்களைக் கூட்டினார். அவர்களில் பலர் நல்ல நடிகர்கள், ஆனால் ஸ்கெட்ச் நடிப்பில் ஊறியவர்கள் அல்லர். நிகழ்ச்சி நின்றே போகும் நிலை வந்தது. 1986 அக்டோபரில் டானா கார்வி, ஃபில் ஹார்ட்மன், ஜான் ஹூக்ஸ், கெவின் நீலன் ஆகியோர் வந்து சேர, ஜான் லோவிட்ஸ், நோரா டன், டென்னிஸ் மில்லர் ஆகிய மூவரும் முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ந்தனர். 1985இன் ஒரு நிகழ்ச்சியையும் 1986இன் ஒரு நிகழ்ச்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நகைச்சுவையின் தரத்தைவிட ஒருவருக்கொருவர் இடம் விட்டு நடிக்கும் பழக்கம் முதலில் கண்ணில் படும். ஃபில் ஹார்ட்மன் ஒரு ஸ்கெட்ச்சில் சிரிப்பு வசனம் ஒன்றும் இல்லாமல் நேராக நின்று மற்றவருக்கு எடுத்துக்கொடுப்பதைப் பார்த்தால், ஒரு குழுவை எது ஒட்டிவைக்கிறது என்பது விளங்கும்.

1995ஆம் ஆண்டு மூன்றாவது முறிவு. ஆடம் சாண்ட்லர், கிறிஸ் ஃபார்லி காலத்தின் இறுதியில் விமர்சனம் கடுமையாகி, குழு பெரும்பாலும் மாற்றப்பட்டு, வில் ஃபெரல், செரி ஓட்டெரி, டாரல் ஹாமண்ட் ஆகியோர் சேர்ந்தனர். இம்முறை நிர்வாகம் 1980இன் பாடத்தைக் கற்றிருந்தது. மாலி ஷானன், டேவிட் ஸ்பேட், நார்ம் மெக்டானல்ட் போன்ற சிலர் தக்கவைக்கப்பட்டனர். 1980, 1985, 1995 ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தவருக்கு, 2022இல் கேட் மெக்கின்னன், ஏடி பிரையன்ட், பீட் டேவிட்சன் உட்பட எட்டு நடிகர்கள் போனபோதும் நிகழ்ச்சி ஏன் சரியவில்லை என்பது புரியும். 2003 முதல் இருந்துவரும் கெனன் தாம்சன் போன்றோர் அப்போதும் அங்கே இருந்தனர்.

இந்த இடத்தில் எண்ணிக்கையையும் கவனியுங்கள். முதல் சீசனில் நிலைத்து நின்ற குழு ஏழு பேர். 2021இல் தொடங்கிய சீசனில் இருபத்தொரு பேர். ஏழு பேர் இருக்கும்போது எல்லோரும் எல்லா வாரமும் பல வேடங்களில் வந்தார்கள், பார்வையாளர் அவர்களை வீட்டு ஆட்களாக அறிந்தார்கள். இருபத்தொரு பேர் இருக்கும்போது ஒருவர் ஒரு வாரம் முழுவதும் முகம் காட்டாமலே போகலாம். ‘யார் என்றே தெரியவில்லை’ என்று இன்றைய பார்வையாளர் சொல்லும் குறைக்கு, திறமைக் குறைவைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒரே பகுதியைப் பல ஆண்டுகளில் பாருங்கள்

அடுத்த வேலை, மாறாத பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் காலவரிசையில் பின்தொடர்வது. அமெரிக்க அரசியல்வாதிகளைப் போலச் செய்யும் காட்சிகளைவிட இதற்குப் பொருத்தமானது வேறில்லை.

செவி சேஸ் அதிபர் ஜெரால்டு ஃபோர்டாக நடித்தபோது ஒப்பனை இல்லை, குரல் மாற்றம் இல்லை, முகச் சாயலுக்கான முயற்சிகூட இல்லை. தடுக்கி விழுவது ஒன்றுதான் அவர் செய்தது. ஃபோர்டு ஒருமுறை விமானப் படிக்கட்டில் தடுக்கியதை நாடு பார்த்திருந்தது; அந்த ஒற்றைச் செய்தியை எடுத்து ஓர் அதிபரின் முழு உருவமாக்கினார் சேஸ். பத்தாண்டுக்கும் மேல் கழித்து டானா கார்வி ஜார்ஜ் புஷ்ஷாக வருகிறார். இவரிடம் குரல் உண்டு, கையசைவு உண்டு, ஆனால் அவை புஷ்ஷிடமிருந்து தொடங்கி வேறெங்கோ போய்விடுகின்றன. வாக்கியங்கள் உடைந்து, கை காற்றைக் குத்தி, கடைசியில் ஒரு தனிப் பாத்திரமே பிறந்துவிடுகிறது. 1992 தேர்தலில் தோற்ற புஷ் அதே டிசம்பரில் கார்வியை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, தன் ஊழியர்கள் முன் நடித்துக் காட்டச் செய்தார்.

2008 செப்டம்பரில் டினா ஃபே, அந்தத் தேர்தலின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினாக வந்தபோது நிலைமை வேறு. முகச் சாயல் இயற்கையாகவே அமைந்திருந்தது. இன்னும் முக்கியமானது, செப்டம்பர் 27 அன்று தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி குரிக் பேலினை எடுத்த நேர்காணலைப் பகடி செய்த ஸ்கெட்ச்சில், பேலின் உண்மையில் சொன்ன பதிலின் ஒரு பகுதி ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அப்படியே பேசப்பட்டது. எழுத்தாளர் மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லாமல் போய், அசலை எடுத்து வேறொரு மேடையில் வைத்தாலே பகடி ஆகிவிடும் என்ற நிலை தோன்றியது. அடுத்த மாதம் பேலினே அதே மேடைக்கு வந்தார். 2016 அக்டோபரில் அலெக் பால்ட்வின் டொனால்டு டிரம்ப்பாக நடிக்கத் தொடங்கினார். அந்த டிரம்ப்போ அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் இதே நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்தவர்.

இந்த நான்கையும் வரிசையாகப் பார்த்தபின், அவை நிகழ்ச்சியில் எந்த இடத்தில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நிகழ்ச்சியின் முன்காட்சியில் அரசியலே இல்லை: ஆங்கிலம் கற்க வந்தவராக பெலூஷி அமர்ந்திருக்க, ஆசிரியராக மைக்கேல் ஓடொனகியு பொருளற்ற வாக்கியங்களைச் சொல்லித்தருகிறார், ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழ, மாணவரும் அதையும் பாடம் என்று எண்ணி விழுகிறார். அவ்வளவுதான். பின்னாளில் முன்காட்சி என்றாலே அந்த வாரத்து அரசியல் செய்தி என்று ஆகிவிட்டது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இது இழப்பு. செய்தியை நம்பித் தொடங்கும் ஸ்கெட்ச் அந்தச் செய்தியோடு வாடிவிடும். பெலூஷியும் ஓடொனகியுவும் நடித்ததை இன்றைக்கு அமெரிக்க அரசியல் எதுவும் அறியாத ஒருவர் பார்த்தாலும் சிரிப்பார்.

‘வீக்கெண்ட் அப்டேட்’ மேசையையும் இப்படியே பின்தொடரலாம். செவி சேஸ், ஜேன் கர்டின், டென்னிஸ் மில்லர், நார்ம் மெக்டானல்ட் என்று வரும் வரிசையில், 2000இல் ஜிம்மி ஃபாலனோடு டினா ஃபே அமர்ந்ததும், 2004இல் ஃபேயும் ஏமி போலரும் அமர்ந்து முதல் முறையாக இரு பெண்களின் மேசையானதும் குறிக்கத்தக்கவை. இவற்றுக்கு முன்பே, 1999இல், ஃபே தலைமை எழுத்தாளராகியிருந்தார். நிகழ்ச்சியின் வரலாற்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். மேசையில் யார் என்பதைவிட எழுத்தறையில் யார் என்பது நகைச்சுவையின் திசையை அதிகம் மாற்றும்; ஆகவே இறுதியில் ஓடும் எழுத்தாளர் பெயர்ப் பட்டியலையும் நிறுத்திப் படியுங்கள்.

கருவி மாறும்போது சிரிப்பும் மாறுகிறது

2005 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான ‘லேஸி சண்டே’ என்ற சிறு காணொளியில் ஆண்டி சாம்பெர்க்கும் கிறிஸ் பார்னெலும் கப்கேக் வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போவதைப் பற்றி, ஏதோ பெரும் வீரச்செயல் செய்வதைப்போல ராப் பாடுகிறார்கள். யூடியூப் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம். யாரோ அதில் ஏற்றிவிட, சனிக்கிழமை இரவு தொலைக்காட்சி பார்க்காதவர்களுக்கும் அது போய்ச்சேர்ந்தது. என்பிசியே பின்னர் அதை நீக்கச் சொன்னது. அதற்குப் பிறகு முன்பதிவுக் காணொளிகள் (முன்கூட்டியே படம்பிடிக்கப்பட்டவை) நிகழ்ச்சியின் நிலையான அங்கமாயின.

இதை ‘நேரலையின் மரணம்’ என்று எழுதுவோர் 1984ஐப் பார்க்க வேண்டும். பில்லி கிரிஸ்டல், மார்ட்டின் ஷார்ட், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர் சேர்ந்த அந்தச் சீசனில், ஆண்கள் இருவர் ஒருங்கிணைந்த நீச்சலில் ஒலிம்பிக் செல்லப் பயிற்சி எடுப்பதைக் காட்டும் படமும், எடி மர்பி வெள்ளையராக வேடமிட்டு நியூயார்க்கில் உலவும் படமும் முன்பதிவே. இரண்டும் அந்தச் சீசனின் உச்சங்கள். முன்பதிவு புதிதல்ல. 2005இல் புதியதாக இருந்தது, ஸ்கெட்ச் நிகழ்ச்சியிலிருந்து பிரிந்து தனியாகப் பயணிக்கத் தொடங்கியதுதான். தனியாகப் பயணிக்க வேண்டிய ஸ்கெட்ச் முதல் பத்து வினாடியிலேயே தன் கருவைச் சொல்லிவிடுகிறது. 1970களின் ஸ்கெட்ச்சுகளோ நிதானமாக, சிரிப்பே இல்லாத அரை நிமிடங்களைத் தாங்கிக்கொண்டு நகர்கின்றன. கையில் கடிகாரத்தோடு, முதல் சிரிப்பு எப்போது வருகிறது என்று இரு காலத்தையும் அளந்துபாருங்கள். வேகம் கூடியிருப்பது தெரியும், அதற்காகக் கைவிடப்பட்டது எது என்பதும் தெரியும்.

நடிகர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் உடைந்துபோவதும் இதோடு தொடர்புள்ளதே. தொடக்க காலத்தில் அது கட்டுப்பாட்டுக் குறைவாகக் கருதப்பட்டது. 2004 மே மாதம் வந்த ‘டெபி டௌனர்’ ஸ்கெட்ச்சில், மகிழ்ச்சியான குடும்பச் சுற்றுலாவில் துயரச் செய்திகளாகவே பேசும் பெண்ணாக நடித்த ரேச்சல் டிராட்ச் தன் வசனத்திலேயே சிரித்துவிட, மேசையைச் சுற்றி இருந்த ஒவ்வொருவராக உடைகிறார்கள். பக்கத்தில் ஒருவர் வாஃபிளை எடுத்துக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறார். மக்கள் அதைக் கொண்டாடினார்கள். நேரலை என்பதற்கான கடைசிச் சான்று பிழைதான் என்று பார்வையாளர் உணரத் தொடங்கிய காலத்தின் அடையாளமாக நான் அதைப் பார்க்கிறேன்.

2020 ஏப்ரல் 11 நிகழ்ச்சியைத் தனியாகப் பாருங்கள். பெருந்தொற்றால் ஸ்டுடியோ மூடப்பட்டு, டாம் ஹாங்க்ஸ் தன் வீட்டிலிருந்து தொகுத்து வழங்க, நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து பதிவுசெய்து அனுப்பினார்கள். பார்வையாளரின் சிரிப்பொலி இல்லாத ஸ்கெட்ச் எப்படி இருக்கும் என்பதற்கு ஐம்பது ஆண்டுகளில் கிடைத்த மிகத் தெளிவான சோதனை அது.

மேடையில் இல்லாதவர்களையும் எண்ணுங்கள்

முதல் குழுவின் ஏழு பேரில் கறுப்பினத்தவர் கேரட் மாரிஸ் ஒருவரே. மாயா ருடால்ஃப் 2007இல் விலகியபின் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன. 2013இல் கண்டனம் வலுத்த பிறகே, 2014 ஜனவரியில் சீசனின் நடுவே சாஷீர் சமாட்டா சேர்க்கப்பட்டார். சீன வம்சாவளியினரான போவன் யாங் நடிகரானது 2019இல். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் விருந்தினராக நிகழ்ச்சியை நடத்த 2017 ஜனவரி 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று, டிரம்ப் பதவியேற்ற மறுநாள், மேடையேறியவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மகனான அஜிஸ் அன்சாரி. அவருடைய நீண்ட தொடக்க உரையைப் பாருங்கள்: வேடம் இல்லை, குரல் மாற்றம் இல்லை; குடியேறியவர்களின் பிள்ளையாகத் தன் குரலிலேயே பேசுகிறார். ஒரு நிகழ்ச்சியில் யாருக்கு இடம் கிடைக்கிறது என்பது மாறும்போது, எதைப் பற்றிச் சிரிக்கலாம் என்பதும் மாறுகிறது என்பதற்கு அந்த உரை போதுமான சான்று.

இப்போது நடக்கும் சீசனைப் பின்தொடர விரும்புபவர் புதிதாகச் சேர்ந்த துணை நடிகர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எந்த ஸ்கெட்ச்சில் எத்தனை வசனம் பேசுகிறார், ‘அப்டேட்’ மேசையின் ஓரத்து நாற்காலிக்கு எப்போது முதலில் அழைக்கப்படுகிறார் என்று வாராவாரம் குறித்துவரலாம். எடி மர்பி முதலில் கவனம் பெற்றது அந்த நாற்காலியில்தான். செவி சேஸின் இடத்துக்கு வந்த பில் மரேயை முதல் மாதங்களில் பலர் ஏற்கவில்லை. 1977 மார்ச் 19 அன்று அவர் கேமராவைப் பார்த்து, தான் இன்னும் சிரிக்கவைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு ஆதரவு கேட்டுப் பேசினார். எனவே புதியவர் ஒருவரைப் பற்றிய தீர்ப்பை முதல் சீசன் முடியும்வரை எழுதாமல், இரண்டாவது சீசனின் பாதியில் எழுதுங்கள்.